எவ்வளவு பெருசு? தூண்டில்காரர்களும் மீனின் அளவும்

பவானியில் இருக்கும் எங்க சித்தப்பாவிடம், "ஞாயித்துக்கிழமை ஆனா எதுக்குச் சித்தப்பா தூண்டிலைத் தூக்கிட்டு ஆத்துக்குப் போறீங்க?"ன்னு யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "மீனு கெடைச்சா கெடைக்குது, இல்லாட்டிப் போகுது கண்ணு. மூணு மணி நேரம் ஒருத்தரும் நம்மளைக் கூப்பிட மாட்டாங்க. தண்ணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம். அது போதாதா?"

அழகான பதில். சில வருஷம் நான் அதை நம்பவும் செய்தேன். அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். வெறுங்கையோடு திரும்பும் நாளில் சித்தப்பா பின்வாசல் வழியாக வருவார், யாரிடமும் பேசாமல் நேராகக் குளிக்கப் போய்விடுவார். கெண்டையோ கெளுத்தியோ நாலைந்து மாட்டிய நாளில் முன்வாசல். பை நேராகச் சித்தி கையில். ஆனால் முழங்கை நீளத்துக்கு ஒரு கட்லா கிடைத்துவிட்டால் வீட்டுக்கே வரமாட்டார். தெருமுனை டீக்கடையில் வண்டியை நிறுத்தி, ஒரு டீ சொல்லிவிட்டு, பையின் வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். "என்னங்க, பெருசா?"ன்னு யாராவது கேட்கும் வரைக்கும் நிற்பார்.

தண்ணியப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் சுகம் என்றால் இந்தப் பின்வாசல், முன்வாசல், டீக்கடை எல்லாம் எதற்கு?

சாப்பாட்டுக்கோ விற்பனைக்கோ மீன் பிடிப்பவரிடம் இந்தக் கேள்வி எழாது. அவருக்கு எடைதான் காசு. சந்தையில் கால்மணி நேரத்தில் வாங்கிவிடக்கூடிய மீனுக்காக ஒரு பகலைச் செலவழிப்பவருக்கு அதன் அளவு முக்கியமா? கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் இதை வைத்து அரை நூற்றாண்டாக ஆராய்ச்சி நடக்கிறது. பொழுதுபோக்குத் தூண்டில் பெரிய விஷயமாக இருக்கும் நாடுகளில் மீன்வளத் துறைகளுக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை. ஆளுக்கு எத்தனை மீன் பிடிக்கலாம், எந்த அளவுக்குக் கீழே இருந்தால் திருப்பி விடவேண்டும், எந்த ஏரியில் எந்தக் குஞ்சை விடவேண்டும் என்று முடிவெடுக்க, "தூண்டில்காரருக்கு என்னதான் வேணும்?" என்பது தெரிந்தாக வேண்டும்.

போன இரண்டு மாசமாக இதைப் பற்றிய ஆய்வுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் நான்கைப் பற்றி இங்கே எழுதுகிறேன். நான்கும் நல்ல ஆய்வுகள். நான்கோடும் எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு.

வாய் சொல்வதும் முகம் சொல்வதும்

முதலாவது, ஜெர்மனியின் ராபர்ட் ஆர்லிங்ஹாஸ் 2006ல் வெளியிட்டது. எங்க சித்தப்பாவின் பின்வாசலைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாரோ என்று தோன்றவைத்த கட்டுரை. ஏன் தூண்டில் போடப் போகிறீர்கள் என்று கேட்டால் ஜெர்மானியத் தூண்டில்காரர்களும் இயற்கை, அமைதி, ஓய்வு என்று மீன் சாராத காரணங்களையே முன்னால் வைக்கிறார்கள். மீன் பின்னால்தான் வருகிறது. ஆனால் எவ்வளவு திருப்தியாக இருந்தீர்கள் என்று கேட்டு, அந்தத் திருப்தி எதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது என்று கணக்குப் போட்டால், பிடிபட்ட மீன்தான் முன்னால் வந்து நிற்கிறது. நோக்கத்துக்கும் திருப்திக்கும் நடுவே கண்ணில் அடிக்கிற மாதிரி ஒரு விரிசல்.

அப்போ தூண்டில்காரர்கள் பொய் சொல்கிறார்களா? அப்படி இல்லை. ஒரு எளிய விளக்கம் இருக்கிறது. அமைதியான இடம் வேண்டுமென்றால் அமைதியான இடத்துக்குப் போகலாம். கூட்டம் பிடிக்காது என்றால் விடியற்காலையில் போகலாம். இதெல்லாம் நம் கையில் இருப்பவை, அதனால் பெரும்பாலும் கிடைத்துவிடும். மீன் மட்டும் நம் கையில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையை இன்னொரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வேறுபடுத்துவது அது ஒன்றுதான். கல்யாணத்துக்கு ஏன் போனாய் என்றால் சொந்தபந்தத்தைப் பார்க்க என்போம். திரும்பி வந்து பேசுவது சாப்பாட்டைப் பற்றித்தான். இரண்டுமே உண்மை.

இதே ஆர்லிங்ஹாஸும் சகாக்களும் 2015ல் செய்த இன்னொரு ஆய்வு, இந்தத் திருப்தி மீன் இனத்தைப் பொறுத்தும் ஆளைப் பொறுத்தும் மாறும் என்கிறது. எண்ணிக்கையும் சேர்கிறது, கிடைத்ததில் பெரியது எவ்வளவு பெரியது என்பதும் சேர்கிறது. ஆக, "அளவு முக்கியமா?" என்ற கேள்விக்கு முதல் பதில்: ஆமாம். ஒத்துக்கொள்ளக் கூச்சப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

என் சண்டை முடிவோடு இல்லை, அந்த முடிவை எடுத்துக்கொண்டு நாம் எங்கே போகிறோம் என்பதோடுதான். திருப்தியை அளக்கும் கேள்வித்தாள் ஆளைப் பற்றிச் சொல்கிறது. ஆற்றைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் ஒரு துறை அதிகாரி இதைப் படித்தால் சட்டென்று தோன்றக்கூடியது, "அப்போ நிறைய மீன் விட்டுட்டா எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்க" என்பதுதான். அந்தச் சந்தோஷம் என்ன விலை கேட்கும் என்பதைக் காவிரியில் பார்ப்போம்.

பிரையனின் ஏணி

இதற்கெல்லாம் மூத்த ஆய்வு ஹாப்சன் பிரையன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளருடையது. 1977ல் வந்தது. ட்ரவுட் மீன் பிடிப்பவர்களை ஆற்றங்கரையிலேயே பார்த்துப் பேசி, அவர்களை நாலு வகையாகப் பிரித்தார். எப்போதாவது வருபவர், எல்லா முறையையும் கையாள்பவர், ஒரு முறையில் தேர்ந்தவர், ஒரு முறையிலும் குறிப்பிட்ட வகை ஓடையிலும் ஊறிப்போனவர். முதல் ஆளுக்கு ஏதாவது ஒரு மீன் கிடைத்தால் போதும். இரண்டாமவருக்கு எண்ணிக்கை வேண்டும். மூன்றாமவருக்குப் பெரிய மீன் வேண்டும். நான்காமவருக்கு எப்படிப் பிடித்தோம், எந்தத் தண்ணீரில் பிடித்தோம் என்பது மீனைவிடப் பெரிதாகிவிடுகிறது.

இந்தப் பகுப்பு பிறகு பறவை பார்ப்பவர்கள், மலையேறுபவர்கள் என்று பல பொழுதுபோக்குகளுக்கும் போனது. படிக்கும்போது நமக்கும் தலையாட்டத் தோன்றும். சிகரெட் அட்டை சேர்த்த பையன் முதலில் எண்ணிக்கை பார்ப்பான், அப்புறம் அரிய அட்டைக்கு அலைவான், கடைசியில் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, தேடுவதே சுகம் என்பான்.

ஆனால் இந்த ஏணியில் ஒளிந்திருக்கும் ஒரு மதிப்பீடு எனக்கு உறுத்துகிறது. ஆய்வாளர் அப்படிச் சொல்ல நினைத்தாரோ இல்லையோ, படிப்பவர் மனசில் விழுவது இதுதான்: பெரிய மீனுக்கு ஆசைப்படுவது ஒரு பருவக் கோளாறு, பக்குவம் வந்தால் போய்விடும். நல்ல தூண்டில்காரர் அளவு பார்க்கமாட்டார், எடை போடமாட்டார், ஆற்றை ரசிப்பார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா டீக்கடையில் நிற்கும்போது உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். அடுத்த இரண்டு ஆய்வுகளைப் படித்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

கீ வெஸ்ட்டில் ஒரு பலகை

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தின் தென்கோடியில் கீ வெஸ்ட் என்ற தீவு ஊர். சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப்போய்த் தூண்டில் போடவைப்பது அங்கே பல தலைமுறையாக நடக்கும் தொழில். கரைக்குத் திரும்பியதும் அன்று கிடைத்த மீன்களை ஒரு பலகையில் வரிசையாகத் தொங்கவிட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தப் பழைய படங்கள் உள்ளூர் நூலகத்தில் பத்திரமாக இருந்தன.

லாரன் மெக்லெனகன் என்ற ஆய்வாளர் 1956 முதல் 1985 வரையிலான அந்தப் படங்களை எடுத்தார். 2007ல் அதே ஊரில் அதே மாதிரிப் படகுகள் திரும்பும்போது நின்று தானும் படம் எடுத்தார். படத்தில் இருக்கும் மீனின் நீளத்தைக் கணக்கிட்டு அதிலிருந்து எடையை மதிப்பிட்டார். 2009ல் வெளியான அந்தக் கட்டுரையின் சாரம் இரண்டே எண்ணில் இருக்கிறது. 1956ல் பலகையில் தொங்கிய மீனின் சராசரி எடை சுமார் 19.9 கிலோ. 2007ல் 2.3 கிலோ.

பழைய படங்களில் ஆளைவிடப் பெரிய களவா மீன்களும் சுறாக்களும் தொங்குகின்றன. புதிய படங்களில் பெரும்பாலும் ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய சங்கரா வகைச் சின்ன மீன்கள். ஆனால் படகுப் பயணத்தின் கட்டணம், விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால், குறையவில்லை. மீன் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிய பிறகும் ஜனங்கள் அதே காசைக் கொடுத்துப் போகிறார்கள், திரும்பி வந்து அதே பலகைக்கு முன்னால் அதே மாதிரி சிரிக்கிறார்கள்.

இதைப் படித்தவுடன் தோன்றும் முடிவு, "பார்த்தீங்களா, அளவு முக்கியமே இல்லை" என்பது. ஆனால் அது அவசர முடிவு. எனக்கு இங்கே இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, சிரிப்பு ஒரு தரவு இல்லை. கேமராவுக்கு முன்னால் எல்லாரும்தான் சிரிப்பார்கள். கட்டணம் குறையாததையும் திருப்திக்குச் சாட்சியாக எடுக்க முடியாது. டீசல் விலைக்கும் ஆள் கூலிக்கும் மீனின் அளவு தெரியாது. இரண்டாவது, 1956ல் போனவரும் 2007ல் போனவரும் வேறு வேறு ஆட்கள். சுற்றுலாப் பயணி வாழ்க்கையில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வருபவர். பக்கத்துப் படகில் ஒன்றரைக் கிலோ தொங்கினால் தன்னுடைய இரண்டரைக் கிலோ அவருக்குப் பெரிய மீன்தான். மகிழ்ச்சி பொய் இல்லை. ஒப்பிடும் அளவுகோல்தான் சுருங்கிவிட்டது.

டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995ல் ஒரு சின்னக் கட்டுரையில் சொன்ன விஷயம் இது. ஒவ்வொரு தலைமுறையும் தான் தொழிலுக்கு வந்தபோது பார்த்த கடலையே இயல்பான கடல் என்று வைத்துக்கொள்கிறது. அதிலிருந்து குறைந்ததை மட்டுமே இழப்பாகக் கணக்கிடுகிறது. அதற்கு முன்னால் போனது கணக்கிலேயே வருவதில்லை.

ஆக, அளவு முக்கியமா என்ற கேள்விக்கு இரண்டாவது பதில்: முக்கியம்தான், ஆனால் கிலோக் கணக்கில் இல்லை. போன தடவையைவிடப் பெரிதா, பக்கத்து ஆளுடையதைவிடப் பெரிதா என்பதுதான் மனசின் தராசு. அந்தத் தராசில் மீன் சின்னதாக ஆக ஆக எடைக்கல்லும் சின்னதாகிக்கொண்டே வரும். முள் எப்போதும் நடுவிலேயே நிற்கும்.

தூண்டில்காரன் கையை விரித்துக் காட்டும்போது வருஷா வருஷம் கை அகலமாகிக்கொண்டே போகும் என்று நாம் கேலி செய்வோம். ஒரு ஆளை எடுத்துக்கொண்டால் அது உண்மையாக இருக்கலாம். தலைமுறை தலைமுறையாகப் பார்த்தால் கை சுருங்கிக்கொண்டுதான் வருகிறது.

காவிரியின் எடைக் கணக்கு

நாலாவது ஆய்வு நம்ம ஆற்றைப் பற்றியது. காவிரியில் மஹ்சீர் என்ற மீன் உண்டு. கெண்டைக் குடும்பம்தான், ஆனால் நாம் சந்தையில் பார்க்கும் கெண்டையோடு சேர்த்துப் பேசமுடியாது. வேகமாக ஓடும் தண்ணீரில், பாறைகளுக்கு நடுவில் வாழ்வது. உள்ளங்கை அகலத்துக்குச் செதில். முதுகில் திமில் மாதிரி ஒரு மேடு, ஆரஞ்சுச் சாயல் உள்ள துடுப்பு. இதுதான் காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர். வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே இதற்குப் பெயர் பரவியிருந்தது. சென்னை மாகாண அதிகாரியான எச். எஸ். தாமஸ் 1873லேயே இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 1946ல் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் காவிரியின் துணையாறான கபினியில் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோவுக்கு மேல். அந்தச் சாதனை எண்ணைச் சொல்லாமல் மஹ்சீரைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு.

1970களின் கடைசியில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு குழு காவிரியில் இன்னமும் ராட்சச மீன்கள் இருப்பதைக் காட்டியது. பிறகு கர்நாடகப் பகுதியில் பீமேஸ்வரி போன்ற இடங்களில் தூண்டில்காரர்களுக்கான முகாம்கள் வந்தன. உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்து, ராகிக் களி உருண்டையை முள்ளில் குத்தி, பாறைமேல் மணிக்கணக்காக உட்கார்ந்தார்கள். பிடித்த மீனை எடை குறித்துக்கொண்டு திரும்ப ஆற்றில் விட்டுவிடுவது விதி. ஒரு காலத்தில் வெடி போட்டு மீன் பிடித்தவர்களில் சிலர் அங்கே வழிகாட்டிகளாக வேலைக்குச் சேர்ந்தார்கள்.

வந்தவர்கள் எல்லாம் அளவுப் பைத்தியங்கள். அதில் சந்தேகமே வேண்டாம். அமைதியை ரசிக்க மட்டும் யாரும் கடல் கடந்து வந்து ராகி உருண்டை பிசையமாட்டார்கள். அந்தப் பைத்தியத்தின் துணைவிளைவாக ஒரு பதிவேடு உருவானது. யார், எத்தனை மணி நேரம், எத்தனை மீன், என்ன எடை.

அட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் மூவரும் இந்தப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 2015ல் வெளியிட்டார்கள். 1998 முதல் 2012 வரை, 23,000 மணி நேரத்துக்கும் மேலான தூண்டில் உழைப்பு, 6,000க்கும் மேற்பட்ட மீன்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல செய்திதான். மணிக்குக் கிடைக்கும் மீன்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிருக்கிறது. சராசரி எடை மட்டும் குறைந்திருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் எழுதி வைத்திருந்தால், "ஆறு செழிக்குது, பாதுகாப்பு வேலை செய்யுது" என்று முடித்திருப்பார்கள். திருப்திக் கேள்வித்தாள் கொடுத்திருந்தால் நிறைய பேர் நல்ல மதிப்பெண்ணே போட்டிருப்பார்கள்.

மீன்களை வகை பிரித்துப் பார்த்தபோதுதான் கதை தெரிந்தது. கூடிக்கொண்டே போனது நீலச்சாயல் துடுப்புள்ள வேறொரு மஹ்சீர். அது காவிரியின் மீன் இல்லை. மஹ்சீர் அழிகிறதே என்ற நல்ல கவலையில் 1970களில் லோனாவாலாவில் டாடா மின்நிறுவனம் குஞ்சு பொரிப்பகம் தொடங்கியது. அங்கே வளர்த்த குஞ்சுகள் பல மாநிலங்களின் ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் போயின. காவிரிக்கும் வந்தன. அந்த மீன் பெருகியது. காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் குறைந்துகொண்டே போனது.

அதைவிட ஆழமான விஷயம் அடுத்தது. குறைந்துகொண்டிருந்த திமில் மஹ்சீரின் சராசரி எடை குறையவில்லை, கூடிக்கொண்டு போனது. அதாவது எப்போதாவது ஒன்று மாட்டினால் அது மிகப் பெரிய மீனாக இருந்தது. பிடித்தவர் துள்ளியிருப்பார். வாழ்நாள் மீன், போட்டோ, சட்டம் போட்ட படம். ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்தால் அதன் அர்த்தம் வேறு. சின்ன மீன்களே இல்லை. ஒரு ஊருக்குப் போனால் தெருவெல்லாம் தாத்தா பாட்டிகள் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு குழந்தையும் இல்லை என்றால், "அடடா, நல்ல ஆயுசு உள்ள ஊர்" என்றா சொல்வோம்? பள்ளிக்கூடம் எப்போது மூடினார்கள் என்றுதான் கேட்போம்.

2018ல்தான் அந்தத் திமில் மஹ்சீருக்கு அறிவியல் பெயர் உறுதியானது. அமராவதி அணைக்கு வந்து சேரும் பாம்பாற்றில் கிடைத்த மீனுக்கு 2007ல் வைத்த பெயர்தான் இதற்கும் உரியது என்று மரபணு ஆய்வு காட்டியது. அதே 2018ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் அது சேர்ந்தது. இத்தனை வருஷம் உலகமே தேடி வந்த மீனுக்குப் பெயர் உறுதியாவதற்கும் சாவு எச்சரிக்கை வருவதற்கும் நடுவில் ஒரு வருஷம்கூட இடைவெளி இல்லை. மிச்சமிருக்கும் சில இடங்களில் மோயாறும் ஒன்று. அந்தத் தண்ணீர் பவானிசாகர் வழியாகப் பவானி ஆற்றில் இறங்கி, எங்க சித்தப்பா ஊரில் காவிரியில் சேர்கிறது.

இந்த ஆய்வோடு என் சண்டை சின்னது. முகாமுக்கு வந்தவர்கள் காசுள்ள, பெரிய மீனுக்கென்றே வந்த ஆட்கள். வழிகாட்டிகளும் பெரிய மீன் நிற்கும் மடுவாகப் பார்த்துத்தான் உட்காரவைப்பார்கள். ஆகவே இது ஆற்றின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆகாது. ஆனால் அதே இடம், அதே மாதிரியான ஆட்கள் என்று பதினைந்து வருஷம் தொடர்ந்ததால் வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடமுடிகிறது. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் 1972 வனவுயிர்ச் சட்டப்படி வேட்டைதான் என்று விளக்கம் வந்து, பிறகு அது நின்றுபோனது. மீனைத் துன்புறுத்துவது நின்றது என்று மகிழ்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கூடவே பதிவேடும் நின்றுபோனது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஒரு நியாயமான எதிர்ப்பு

"நீ சொல்வதைப் பார்த்தால் பெரிய மீன் வெறி நல்லது என்பது போல இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அந்த வெறி செய்யும் கெடுதல் சின்னதல்ல. பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் எடைச் சாதனை வழங்கும் 1,222 மீன் இனங்களில் 85 இனங்கள் அழிவு ஆபத்தில் உள்ளவை என்று 2014ல் ஒரு ஆய்வு காட்டியது. சாதனை வேண்டுமென்றால் தேடிப் பிடிக்கவேண்டியது அந்த இனத்திலேயே பெரிய மீனை.

பெரிய மீன் என்பது பெரும்பாலும் தாய்மீன். முட்டை எடைக்கு ஏற்ற விகிதத்தில் கூடுவதில்லை, அதைவிட வேகமாகக் கூடுகிறது. 2018ல் வந்த ஒரு ஆய்வின் கணக்குப்படி, அட்லாண்டிக் காட் மீனில் 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு தாய் இடும் முட்டைக்கு ஈடாக 2 கிலோ தாய்கள் 28 வேண்டும். அதனால்தான் சில இடங்களில் சின்னதையும் விடு, பெரியதையும் விடு, நடுவில் இருப்பதை மட்டும் எடு என்று விதி வைக்கிறார்கள். ஃப்ளோரிடாவிலேயே ரெட்ஃபிஷ் என்ற மீனுக்கு 18 முதல் 27 அங்குலம் வரைதான் அனுமதி. பலகையில் ராட்சச மீன்கள் தொங்கிய அதே மாநிலம்.

ஆகவே நான் பெரிய மீனைப் பிடிப்பதற்கு வாதாடவில்லை. அளவைக் கவனிப்பதற்கு வாதாடுகிறேன். இரண்டும் ஒன்றல்ல. "மீன் முக்கியமில்லை, அமைதிதான் முக்கியம்" என்பவரின் பக்குவம் அவருக்கு நல்லது. ஆற்றுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அமைதி, மீன் செத்துப்போன ஆற்றிலும் கிடைக்கும், சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கும். ஒரு பெரிய மீன் ஒரு ஆளின் பெருமை. பிடித்த எல்லா மீனின் அளவும் தேதியோடு ஒரே இடத்தில் எழுதப்பட்டால் அது ஆற்றின் கதை. பிரையனின் ஏணியில் மூன்றாவது படியை நான்காவது படிக்குப் போகும் வழியாக மட்டும் பார்க்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. அந்தப் படியில் நிற்பவர் கையில் ஒரு நோட்டு இருந்தால், ஆறு என்னாகிறது என்பதை எல்லாருக்கும் முன்னால் சொல்லக்கூடியவர் அவர்தான்.

சித்தப்பாவின் நோட்டு

இதையெல்லாம் படித்த சூட்டில், பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பாவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டும் தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்றும் வாங்கிக்கொண்டு போனேன். தேதி, இடம், எத்தனை மணி நேரம், என்ன மீன், எத்தனை அங்குலம். அவ்வளவுதான் எழுதவேண்டும் என்றேன். "ஏன் கண்ணு, நான் என்ன பரீட்சையா எழுதறேன்?" என்றார். ஆனால் எழுதினார்.

மூன்று மாசம் கழித்து வாங்கிப் பார்த்தேன். கட்லா 16 அங்குலம், ரோகு 14, கெளுத்தி 11. எல்லாமே நல்ல பெரிய மீன். எனக்கு ஒரு நிமிஷம் காளிங்கராயன் பக்கம் தண்ணி நல்லா இருக்கு போல என்று சந்தோஷம்கூட வந்தது. அப்புறம்தான் கேட்டேன், "சித்தப்பா, சின்ன மீனே மாட்டலையா?"

"மாட்டும். அதையெல்லாம் திருப்பி விட்டுருவேன். அதெல்லாம் ஒரு மீனுன்னு நோட்டுல எழுதுவாங்களா?"

கிழவர்கள் மட்டும் இருக்கும் ஊரின் கதையை அவருக்குச் சொன்னேன். காவிரியில் ராகி உருண்டை போட்டவர்கள் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எங்கப்பாரு ஆள் உசரத்துக்கு மீனு பாத்திருக்கேன்னு சொல்லுவாரு. புளுகுறாருன்னுதான் நெனைச்சேன்" என்றார்.

என் தாத்தா பார்த்தது என்ன மீன், எத்தனை அங்குலம் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அது புளுகாகவும் இருந்திருக்கலாம். எழுதி வைக்காத மீனுக்கும் புளுகு மீனுக்கும் நாளாக நாளாக வித்தியாசம் இல்லாமல் போய்விடுகிறது.

இப்போது நோட்டில் "கெண்டைக் குஞ்சு, விரல் நீளம், 7, விட்டாச்சு" என்று வரிகள் வருகின்றன. வெறுங்கையோடு திரும்பும் நாளில் சித்தப்பா இன்னமும் பின்வாசல் வழியாகத்தான் வருகிறாராம். ஆனால் குளித்துவிட்டு வந்து தேதி போட்டு, எதிரே ஒரு பூஜ்யம் எழுதுகிறார். அந்தப் பூஜ்யமும் தரவுதான் சித்தப்பா என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு அதில் இன்னும் முழுசாக உடன்பாடு இல்லை.